உங்களுக்குத் தெரியுமா? மாடு உலகம் சுற்றியது, ஊர் அங்கேயே இருக்கிறது!

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கும் கவுண்டி ஹெரிஃபோர்டுஷயர். ஆளும் பேரும் குறைவு. மாடும் ஆப்பிளும் அதிகம். அந்த மண்ணிலிருந்து சில துணுக்குகள்...

● சுமார் 2,180 சதுர கிலோமீட்டர் பரப்பில் வசிப்பவர்கள், 2021 கணக்கெடுப்பின்படி, ஏறக்குறைய 1,87,000 பேர்தான். இங்கிலாந்திலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த கவுண்டிகளுள் இதுவும் ஒன்று. நகர அந்தஸ்து பெற்றது வை ஆற்றங்கரையில் உள்ள ஹெரிஃபோர்டு மட்டுமே.

● உழுது போட்ட வயலைப் பார்த்தால் செக்கச்செவேல் என்றிருக்கும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான செம்மணற்கல் பொடிந்து உண்டான மண் அது. சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு.

● உடம்பு செம்பழுப்பு, முகம் மட்டும் வெள்ளை: இதுதான் ஹெரிஃபோர்டு மாடு. 18ஆம் நூற்றாண்டில் டாம்கின்ஸ் குடும்பத்தார் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய இனம். 1817இல் ஹென்றி கிளே என்ற அரசியல்வாதி இதை அமெரிக்காவின் கென்டக்கிக்கு வரவழைத்தார். இன்று அமெரிக்கா, அர்ஜென்டினா, உருகுவே, ஆஸ்திரேலியா என்று எங்கும் மேய்கிறது.

● வேறு இனத்துப் பசுவோடு சேர்த்தாலும் ஹெரிஃபோர்டு காளையின் கன்றுக்குப் பெரும்பாலும் வெள்ளை முகம் வந்துவிடும். சந்தையில் அப்பன் யார் என்று கேட்கவே வேண்டாம்!

● லெம்ஸ்டர் வட்டாரத்து ரைலண்ட் ஆட்டின் மயிர், இடைக்கால இங்கிலாந்தில் மிக உயர்ந்த விலைக்குப் போனது. ‘லெம்ஸ்டர் தங்கம்’ என்றே வணிகர்கள் அதை அழைத்தார்கள்.

● வேர் ஏன் கீழ்நோக்கியே போகிறது? புவியீர்ப்புதான் காரணம் என்று 1806இல் சோதித்துக் காட்டியவர் இந்த ஊர்க்காரரான தாமஸ் ஆண்ட்ரூ நைட். ஓடையில் சுழலும் நீர்ச்சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். வேர்கள் சக்கரத்துக்கு வெளிப்புறமாகவும், தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. மெண்டலுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே பட்டாணிச் செடிகளைக் கலப்பினம் செய்து பார்த்தவரும் இவரே.

● ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மது, சைடர். பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பங்காக இதையே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1887இல் வந்த சட்டம் கூலியாக மது தரக் கூடாது என்று தடுத்தது. அதே 1887இல்தான் பாதிரியார் மகனான பெர்சி புல்மர் ஹெரிஃபோர்டில் சைடர் தொழிலைத் தொடங்கினார். அது உலகப் புகழ்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது.

● ஹோம் லேசி கிராமத்தில் ஒரு பேரி மரம். கிளைகள் தரையைத் தொட்டு வேரூன்றி, மறுபடி மரமாகி, நம்மூர் ஆலமரம்போலப் பரவியது. 1790 வாக்கில் அது முக்கால் ஏக்கரை அடைத்து நின்றதாம். டன் கணக்கில் காய்த்ததாம்.

● ஜனவரி 5 இரவில் கோதுமை வயலில் 12 சிறு நெருப்பும் ஒரு பெரிய நெருப்பும் மூட்டுவது பழைய வழக்கம். பிறகு எல்லாரும் தொழுவத்துக்குப் போய், நடுவில் ஓட்டை போட்ட கேக்கை எருதின் கொம்பில் மாட்டி, அதன் நலம் வேண்டிக் குடிப்பார்கள்.

● 1461 பிப்ரவரியில் மார்ட்டிமர்ஸ் கிராஸ் போர்க்களத்தில், விடியற்காலை வானில் மூன்று சூரியன்கள் தெரிந்தன. காற்றில் மிதக்கும் பனிப்படிகங்களில் ஒளி வளைவதால் வரும் காட்சி அது. நல்ல சகுனம் என்று சொல்லிப் படைக்குத் தைரியமூட்டிய 18 வயது எட்வர்டு, போரில் வென்று, அடுத்த மாதமே அரசரானார்.

● ஹெரிஃபோர்டு பேராலயத்தில், 1300 வாக்கில் ஒரே கன்றுத்தோலில் வரைந்த உலக வரைபடம் இருக்கிறது. கிழக்கு மேலே, ஜெருசலேம் நடுவில். 1988இல் பணமுடையால் இதை விற்கப் பேராலயம் முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது, நன்கொடைகள் குவிந்தன, வரைபடம் தப்பியது.

● 1974இல் பக்கத்து வூஸ்டர்ஷயரோடு இந்தக் கவுண்டியை இணைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1998இல் மறுபடியும் தனிக் கவுண்டியானது.

● இன்று வை ஆற்றுப் படுகையில் மாடுகளைவிடக் கோழிகளின் ஆட்சிதான். ஏறக்குறைய 2 கோடிக் கோழிகள்! அவற்றின் எருவிலுள்ள பாஸ்பேட், மழையோடு ஆற்றில் கலந்து பாசியைப் பெருக்குகிறது. 2023இல் வை ஆற்றின் நிலை மோசமடைந்து வருவதாக அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. துணையாறான லக்கின் படுகையில், 2019 முதல் புது வீடு கட்டுவதற்குக்கூடக் கட்டுப்பாடு வந்தது. எருதானே என்று அளவில்லாமல் கொட்டினால், எவ்வளவு வளமான மண்ணானாலும் அதன் ஆறு தாங்காது.