பூனை நடை போக்கிரி!

குட்டி நண்பர்களே, கண்ணை மூடி ஒரு இருட்டுக் குகையைக் கற்பனை செய்யுங்கள். குகையின் கோடியில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் 'கொர்ர்ர்' என்று குறட்டைச் சத்தம்! உங்களோடு வந்திருப்பவர்கள் மூன்று பேர். இரும்புக் கவசம் போட்ட போர்வீரன், தாடிக்கார மந்திரவாதி, காயம் ஆற்றும் பூசாரி. மூவரும் உங்களையே பார்க்கிறார்கள். சத்தம் போடாமல் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஆள் நீங்கள்தான்!

பயந்துவிடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு மேஜையைச் சுற்றித்தான். இது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது, 1974-ல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும்.

1975-ல் இந்த விளையாட்டுக்குள் 'திருடன்' என்ற பாத்திரம் வந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அதன் பெயர் 'ரோக்' என்று மாறியது. நம்ம ஊர்ப் பாஷையில் போக்கிரி! பூட்டைத் திறப்பது, பொறிகளைக் கண்டுபிடிப்பது, பதுங்கிப் போவது எல்லாம் இவன் வேலை.

எப்படிப் பதுங்குவது? பகடையை உருட்டுங்கள். 9 விழுகிறது. உங்கள் பதுங்கும் திறமைக்கு 7. கூட்டினால் 16. காவல்காரனின் கவனம் 12 என்றால், அவன் காதில் ஒரு சத்தமும் விழாது! ஆனால் கனத்த இரும்புக் கவசம் போட்ட போர்வீரன் இரண்டு பகடை உருட்டி, அதில் குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'கடகட'வென்று அவர் நடந்தால் குகையே விழித்துக்கொள்ளும் அல்லவா?

'அப்படியானால் நான் தனியாகவே போய் எல்லாரையும் தீர்த்துக்கட்டுகிறேன்' என்று தோன்றுகிறதா? பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்!

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. எதிரியின் பக்கத்தில், 5 அடிக்குள், உங்கள் நண்பர் ஒருவர் சண்டைக்கு நின்றால் உங்கள் குறுவாளுக்குக் கூடுதல் பலம் கிடைக்கும். குறுவாளுக்கு உரிய 4 முகப் பகடையோடு, ஒரு 6 முகப் பகடையும் சேர்த்து உருட்டலாம். அனுபவம் ஏற ஏற இந்தப் பகடைகள் 10 வரை கூடும்! ஒளிந்திருந்து தாக்கினாலும் இந்தப் பலம் உண்டு. ஆனால் ஒரு முறை தாக்கியதும் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் 'கடகட' போர்வீரன்தான் உங்களுக்குத் துணை.

தூரக் கணக்கும் முக்கியம். சண்டையில் ஒரு சுற்று என்பது 6 வினாடி. அதற்குள் பெரும்பாலான பாத்திரங்கள் 30 அடி நடந்து வந்து ஒரு அடியும் கொடுக்கலாம். நீங்கள் 30 அடி முன்னால் மாட்டிக்கொண்டால் உதவி உடனே வரும். 90 அடி முன்னால் போய்விட்டால்? உங்கள் பாத்திரம் செத்தே போகலாம். அதோடு, நீங்கள் அரைமணி நேரம் தனியாகச் சுற்றினால் மற்ற மூன்று பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பாவம்!

இன்னொரு வம்பும் உண்டு. மந்திரவாதி தூங்கும்போது அவர் பையிலேயே கை வைப்பது! கேட்டால், 'என் பாத்திரம் திருடனாச்சே' என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பையில் இருக்கும் காசு கற்பனைதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் கோபம் கற்பனை இல்லையே!

சரி, கதவுக்குத் திரும்புவோம். மெல்லத் திறக்கிறீர்கள். உள்ளே இரண்டு ராட்சதர்கள். ஒருவன் தூங்குகிறான். இன்னொருவன் திரும்பி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு தங்கக் கிண்ணம் பளபளக்கிறது. பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பகடை உங்கள் கையில். என்ன செய்யப் போகிறீர்கள்?