திரையில் எழுத்து பிசிறடிக்கிறதா?



கல்வி உதவித்தொகை விளக்கக் கூட்டம், ஹஜ் பயிற்சி வகுப்பு, மருத்துவ முகாம் என எதுவானாலும் ஜவ்வாது மலை அடிவார ஊர்களில் இப்போது புரொஜெக்டர் வைத்து பவர்பாயின்ட் ஸ்லைடுகள் காட்டுகிறோம். அசைந்து வரும் எழுத்துகளின் ஓரம் சில நேரம் படிக்கட்டுப் போலப் பிசிறடிக்கிறது. கடைசி வரிசையில் அமரும் பெரியவர்களுக்கு அதைப் படிப்பது சிரமம்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. புள்ளி மறைந்தால் 'பால்' என்பது 'பால' ஆகிவிடும். அரபியில் பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்றே; புள்ளிகளே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. விண்ணப்பக் கடைசித் தேதியில் 3 என்பது 8 போலத் தெரிந்தால் ஒரு பிள்ளையின் உதவித்தொகையே கைநழுவலாம்.

காரணம் இதுதான். எழுத்தின் ஓரத்தை வழவழப்பாகக் காட்ட, எழுத்து நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் இடைப்பட்ட நிறத்தைக் கணினி ஓரங்களில் நிரப்புகிறது. அனிமேஷன் ஓடும்போது எழுத்து ஒரு படமாக நகர்த்தப்படுகிறது. எழுத்துப் பெட்டிக்குப் பின்னணி நிறம் இல்லையென்றால், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், அந்தக் கலப்பு சரியாக நடப்பதில்லை.

செய்ய வேண்டியவை:

1. எழுத்துப் பெட்டிக்கு 'சாலிட் ஃபில்' கொடுத்து, ஸ்லைடின் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

2. சிறிய எழுத்தை 'க்ரோ' மூலம் பெரிதாக்க வேண்டாம். தேவையான அளவிலேயே தட்டச்சு செய்து, 'ஃபேட்' அல்லது 'அப்பியர்' வையுங்கள்.

3. பல புரொஜெக்டர்களின் இயல்பான அளவு 1024 x 768. மடிக்கணினி வேறு அளவில் அனுப்பினால் எழுத்து மங்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

4. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது மூன்று துண்டுகள். 'பை லெட்டர்' அனிமேஷனில் அவை தனித்தனியே வந்து விழும். 'ஆல் அட் ஒன்ஸ்' வையுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்வது இன்னும் நல்லது; தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக அறிவித்துள்ளது.

5. வேறு கணினியில் காட்டுவதாக இருந்தால், ஃபைல் – ஆப்ஷன்ஸ் – சேவ் பகுதியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

குர்ஆன் வசனங்களுக்கு அனிமேஷனே வேண்டாம் என்பது எமது ஆலோசனை. அசையாத பெரிய எழுத்தில் வைத்தால் புள்ளிகளும் ஹரகத்துகளும் தெளிவாகத் தெரியும்.

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே ஸ்லைடுகளை ஓடவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பெண்கள் பகுதியில் தனித் திரை இருந்தால் அதையும் சகோதரிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் முயற்சிகளை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.