சம்பங்கி: ஏக்கரில் நடுமுன் கொல்லையில் ஒப்பிடுக

சம்பங்கி நட்ட விவசாயிக்குத் தாம் நட்ட ரகம் எப்படிப்பட்டது என்பது, மூன்று நான்கு மாதம் கழித்துப் பூ வந்த பின்புதான் தெரியும். அதற்குள் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்குகள் மண்ணில் இறங்கியிருக்கும். ஒருமுறை நட்ட பயிரை மறுதாம்பு விட்டு இரண்டு, மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம். ஆகவே, ஒவ்வாத ரகத்தை நட்டவருக்கு நட்டம் ஓராண்டோடு முடிவதில்லை.

பக்கத்து ஊரில் நன்றாகப் பூத்தது என்ற ஒரே காரணத்தால் கிழங்கு வாங்குவோர் பலர். மண்ணும் நீரும் சந்தையும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு தோட்டத்தில் சிறந்து விளங்கிய ரகம் மற்றொன்றில் பின்தங்கக்கூடும். இதை முன்கூட்டியே அறிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வீட்டுக் கொல்லையில் அரை சென்ட்டுக்குச் சற்று அதிகமான இடத்தில் நான்கு ரகங்களை அருகருகே நட்டு, ஓராண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவ்வழியாகும்.

எந்த ரகங்களை ஒப்பிடலாம்?

மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட சம்பங்கியில் ஒற்றை, அரை அடுக்கு, அடுக்கு என வகைகள் உள்ளன. ஒற்றை வகையில் இதழ்கள் ஒரே வரிசையாக அமைந்திருக்கும், மணம் மிகுதி. மாலை கட்டவும், உதிரிப்பூவாக விற்கவும், வாசனைப் பொருள் எடுக்கவும் இதுவே ஏற்றது. அடுக்கு வகையில் இதழ் வரிசைகள் பல, மணம் குறைவு. தண்டோடு கொய்து, பூச்செண்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் அனுப்ப இது உதவும்.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றையில் சிருங்கார், பிரஜ்வல் ஆகியவற்றையும், அடுக்கில் சுவாசினியையும், அரை அடுக்கில் வைபவ் ரகத்தையும் வெளியிட்டுள்ளது. சிருங்காரையும் மெக்சிகன் ஒற்றையையும் இணைத்து உருவாக்கப்பட்டது பிரஜ்வல். இதன் பூ சிருங்காரின் பூவைவிட எடை கூடியது. இவ்விரண்டின் மொட்டிலும் இலேசான இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். வைபவ் ரகத்தின் மொட்டு பசுமை கலந்தது. விற்பவர் சொன்ன ரகம்தானா, கலப்பா என்பதை அறிய இவ்வடையாளங்கள் பயன்படும்.

ஊரில் வழக்கமாகப் பயிரிடும் நாட்டு ஒற்றை ரகத்தை ஒப்பீட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். புதியது எவ்வளவு மேல் என்று சொல்வதற்குப் பழையது பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனுடன் சிருங்கார், பிரஜ்வல், சுவாசினி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ரகத்துக்கு 50 கிழங்குகள் போதும்.

பாத்தி அமைக்கும் முறை

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விட வேண்டும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து செடி என்று நட்டால் 25 செடிக்கு இரண்டே கால் மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தி தேவை. ஒவ்வொரு ரகத்துக்கும் இப்படி இரண்டு பாத்திகள் வீதம் மொத்தம் எட்டுப் பாத்திகள் அமைக்க வேண்டும்.

ஒரு ரகத்தின் இரண்டு பாத்திகளையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. கொல்லையின் ஒரு பக்கம் குளியலறைத் தண்ணீர் பாயும்; மற்றொரு பக்கம் முருங்கை நிழல் விழும். நல்ல இடத்தில் நின்ற ரகம் நல்ல ரகம்போலத் தோன்றிவிடும். முதல் நான்கு பாத்திகளில் ஒரு வரிசைக்கிரமமும், அடுத்த நான்கில் வேறு வரிசைக்கிரமமும் இருந்தால் இப்பிழை குறையும். சுற்றிலும் ஒரு வரிசை நாட்டுக் கிழங்குகளை ஊன்றிவிட்டால், ஓரச் செடிகளின் செழிப்பும் கணக்கைக் கெடுக்காது.

கிழங்குகள் 25 முதல் 30 கிராம் எடையில், எல்லா ரகத்திலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒன்றில் பெரிய கிழங்கும் மற்றொன்றில் சிறிய கிழங்கும் நட்டால், அது கிழங்குகளின் ஒப்பீடாகுமே தவிர ரகங்களின் ஒப்பீடு ஆகாது. தோண்டிய கிழங்குகளை ஒரு மாதம் நிழலில் உலரவிட்டு, ஜூன், ஜூலையில் நடலாம்.

எட்டுப் பாத்திகளுக்கும் சேர்த்துத் தொழு உரம் 45 கிலோ, சூப்பர் பாஸ்பேட் இரண்டே கால் கிலோ, யூரியா 780 கிராம், மூரேட் ஆப் பொட்டாஷ் 600 கிராம் தேவைப்படும். முதலிரண்டையும் அடியுரமாக இட்டு, மற்ற இரண்டையும் நடும்போதும், 60ஆம் நாளும், 90ஆம் நாளும் மூன்று தவணையாகப் பிரித்து இடலாம். எட்டில் ஒரு பங்கை எடை போட்டே ஒவ்வொரு பாத்திக்கும் இட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் அழுகல் நோய் பற்றும்.

குறிப்பேடு

கண்ணால் பார்த்த நினைவு ஏமாற்றும். எழுதி வைத்த கணக்கு ஏமாற்றாது. ஒற்றை ரகங்களுக்குக் கீழ்க்கண்டவற்றைப் பாத்திவாரியாகக் குறித்து வர வேண்டும்.

1. முதல் பூந்தண்டு வெளிவந்த நாள்.

2. நாள்தோறும் அதிகாலையில் பறித்த பூக்களின் எண்ணிக்கை.

3. மாதம் ஒருமுறை 100 பூக்களின் எடை. இதைக் கொண்டு அம்மாதப் பூக்களின் மொத்த எடையைக் கணக்கிடலாம்.

4. ஈரத் துணியில் வைத்த 50 மொட்டுகளில் மாலைக்குள் பழுப்பேறியவை எத்தனை என்பது.

அடுக்கு ரகத்தில் அடிப்புறத்துப் பூக்கள் ஓரிரண்டு விரியும் தருணத்தில் தண்டைக் கொய்து, தண்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்தால் போதும்.

50 செடிகளில் கிடைத்த எடையை 900ஆல் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வரும். இரு ரகங்களுக்கிடையே மாதத்திற்கு 100 கிராம்தான் வேறுபாடு என்றாலும், ஏக்கரில் அது 90 கிலோ ஆகிறது. கொல்லையில் கிடைக்கும் கவனிப்பு பெருவயலில் கிடைக்காது. ஆதலால் கணக்கில் வரும் மொத்த விளைச்சலைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். ரகங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வே முக்கியம்.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் சரியன்று. குளிர் மாதங்களில் சம்பங்கியின் பூப்பு குறையும். வரத்துக் குறையும்போது விலை ஏறுவது சந்தை இயல்பு. மார்கழி, தை மாதங்களில் எந்த ரகம் ஓரளவேனும் பூத்தது என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

சந்தையைக் கேட்டு முடிவு செய்க

ஒரே நாளில், ஒரே வியாபாரியிடம், ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கைப்பிடி பூவைக் காட்டி, எதை விரும்புகிறார் எனக் கேட்டறிய வேண்டும். சத்தியமங்கலம், நிலக்கோட்டை போன்ற உதிரிப்பூச் சந்தைகளை நம்பியிருப்போருக்கு ஒற்றை ரகமே கைகொடுக்கும். தண்டோடு வாங்கும் வியாபாரி எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், அடுக்குச் சம்பங்கி எவ்வளவு அழகாகப் பூத்தாலும் பயனில்லை.

வேரையும் பாருங்கள்

ஆண்டு முடிவில் பாத்திக்கு இரண்டு குத்துகளைத் தோண்டி, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வேரில் முடிச்சுகள் காணப்பட்டால் அது நூற்புழுவின் வேலை. சிருங்காருக்கு இதனை ஓரளவு தாங்கும் தன்மை உண்டு. முடிச்சு கண்ட பாத்தியிலிருந்து ஒரு கிழங்கைக்கூடப் பெருவயலுக்குக் கொண்டு செல்லக் கூடாது. நூற்புழு கிழங்கோடு பரவும். அவ்விடத்தில் வேப்பம் பிண்ணாக்கு இட்டுச் செண்டுமல்லி பயிரிட்டால் நூற்புழு மட்டுப்படும்.

நோயற்ற பாத்திகளில் வென்ற ரகத்தின் கிழங்குகளை வீணாக்க வேண்டியதில்லை. சம்பங்கி கிழங்கு மூலம் பெருகுவதால் தாயின் குணம் மாறாது. ஒவ்வொரு குத்தும் பல கிழங்குகளாகப் பெருகியிருக்கும். அவற்றை முதலில் சில சென்ட்டில் நட்டு, பின்னர் படிப்படியாகப் பரப்பை விரிவாக்கினால், வெளியில் கிழங்கு வாங்கும் செலவும் கலப்பு ரக அச்சமும் குறையும். ஓராண்டு பொறுத்து, சொந்த மண்ணில் தேறிய ரகத்தை நடுபவருக்கே சம்பங்கி நிலையான வருவாய் தரும்.