ராத்திரி டியூட்டியில் எத்தனை நர்ஸ்?

பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரி பார்க்கும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! டாக்டர் கைராசிக்காரரா, ரூம் வாடகை எவ்வளவு, வெந்நீர் கிடைக்குமா, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா... எல்லாம் கேட்போம். ‘ராத்திரியில் எத்தனை நர்ஸ் இருப்பாங்க?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி அதுதானாம்.

எங்கள் ஊர் வாழவந்தி. ஏற்காட்டு மலைக் கிராமம். பெரிய வைத்தியம் என்றால் மலை இறங்கிச் சேலம் போக வேண்டும். என் ஓரகத்தியின் மகள் அங்கேதான் பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். லீவில் வந்தவள், காப்பிக்கொட்டை காயப்போட்ட களத்தில் என்னோடு உட்கார்ந்து, தன் பாடத்தில் வந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னாள்.

ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், ஆபரேஷன் செய்துகொண்ட 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இத்தனை பேருடைய கணக்கையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தலைமை தாங்கிய லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்க அம்மாளும் நர்ஸ்தான். 2014-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரே ஒரு நோயாளி சேர்ந்தாலும், ஆபரேஷனாகி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். நூற்றுக்கு ஏழு பேர் அதிகமாகச் சாகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற ஆபத்து அந்த அளவுக்குப் பெருகுகிறது என்று அர்த்தம். பட்டப்படிப்புப் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுகிற இடத்திலோ, அந்த ஆபத்து 7 சதவீதம் குறைகிறது.

“அதெப்படிடி, வைத்தியம் பண்றது டாக்டர்தானே?” என்று கேட்டேன். “டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிடுவார் சித்தி. மூச்சு வேகமாகுதா, மூத்திரம் குறையுதா, ஆள் சோர்ந்து போறாங்களான்னு மத்த நேரமெல்லாம் பார்க்கிறது யாரு?” என்றாள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சில வருஷங்களுக்கு முன் என் மாமியாருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்த வார்டில் 28 கட்டில். ராத்திரிக்கு ஒரே நர்ஸ், சின்னப் பெண். இரண்டு மணி இருக்கும். எதிர்க் கட்டில் அம்மாள் மூச்சு விடுவது சரியில்லை என்று போகிற போக்கில் கண்டுபிடித்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்ஸிஜன் வைத்து, அந்த அம்மாளைப் பிழைக்க வைத்தது அவள்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் மற்ற 27 பேரையும் பார்க்க ஆளில்லை. டிரிப் தீர்ந்ததா என்று சொந்தக்காரர்கள் நாங்களே முழித்துக்கொண்டு பார்த்தோம். அந்தப் பெண் திரும்பி வந்ததும், “எங்கே போய்த் தூங்கினே?” என்று ஒருத்தர் சத்தம் போட்டார் பாருங்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முதல் இரண்டு மணி நேரம் சாமானியமானதில்லை. கால் மணிக்கு ஒரு தடவை நாடி, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கிற நேரம் அது. துணி நனைந்துகொண்டே போகிறதா என்று தாயைக் கவனிக்கிறவள் நர்ஸ்தான்.

நம் தமிழ்நாட்டில் 2019-21 சர்வேப்படி 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை ஷிப்டு முறையில் நியமித்து இரவு பகலும் திறந்து வைத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வீடு தேடி வருகிற கிராம சுகாதார நர்ஸின் பங்கும் பெரிது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. எண்ணிக்கை குறைவுதானே என்று நினைக்கலாம். மலை ஏறி இறங்கிப் பாருங்கள், தெரியும்!

கலிபோர்னியாவில் 1999-ல் சட்டமே போட்டார்கள். சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது. நம் நாட்டிலும் இந்திய நர்ஸிங் கவுன்சில் அளவு சொல்லியிருக்கிறது: பொது ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருவர், போதனா ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர். காகிதத்தில் இருக்கிறது. உலகம் முழுக்க 2023-ல் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருந்தும் இன்னும் 58 லட்சம் பேர் போதவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படிப் போதும்? 2015-ல் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. இப்படிச் சம்பளம் கொடுத்தால் படித்த பெண் வெளிநாட்டுக்கு விமானம் ஏறாமல் என்ன செய்வாள்?

படிப்பு விஷயத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் 1909-லேயே நர்ஸிங் பள்ளி வந்தது. 1946-ல் அது பட்டம் தரும் கல்லூரியானது. அதே வருஷம் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. அப்படியிருந்தும், ‘நைட் டியூட்டி பார்க்கிற பெண்ணா?’ என்று மூக்கைச் சுளிக்கிற சம்பந்திகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களே ஆஸ்பத்திரியில் படுத்தால் ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள்!

உங்கள் பெண் பிளஸ் டூ முடித்து நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள். ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். டிப்ளமா 3 வருஷம், பி.எஸ்ஸி. 4 வருஷம். வசதி இருந்தால் பட்டமே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படித்து முடித்தபின் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் போதாது, அங்கீகாரக் கடிதத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பதிவு எண் இல்லாமல் அவள் நர்ஸாக வேலை பார்க்க முடியாது.