காமிரா முன்னால உட்காரப் போறீங்களா? முதல்ல முகத்தை கவனிங்க!

'சமையல் சேனல் ஆயிரம் இருக்கு. கோலம், எம்ப்ராய்டரின்னு எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது மேக்கப்தான். அதையே வீடியோ எடுத்துப் போட்டா என்ன?'

இந்த எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். உங்களுக்கு வராவிட்டாலும், காலேஜ் படிக்கும் மகளுக்கோ, குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் மருமகளுக்கோ வந்திருக்கும். தாராளமாகப் போடலாம். கையில் ஒரு ஸ்மார்ட் போன், ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலி... ஆரம்பிக்க இவ்வளவு போதும். அமெரிக்காவில் மிஷெல் ஃபான் என்ற இளம்பெண் 2007-ல் யூ டியூபில் மேக்கப் பாடம் எடுக்க ஆரம்பித்தபோது, யூ டியூபுக்கே வயசு ரெண்டுதான்! அழகுக்கலை வீடியோ என்பது ஒரு தொழிலாகவே மாறும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

ஆனால் சமையல் வீடியோவுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரசத்தில் உப்பு கூடிப் போனால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும், அவ்வளவுதான். நீங்கள் காட்டுகிற க்ரீம் தப்பாகப் போனால் கெடுவது முகம். முதலில் உங்கள் முகம். அப்புறம், உங்களை நம்பி வாங்கிப் பூசின யாரோ ஒரு பெண்ணின் முகம்.

உங்கள் தோல் ஒன்றும் சோதனைச் சாலை இல்லை

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற காரியம் என்ன தெரியுமா? பார்சல் வந்ததும் பிரிப்பது, காமிராவை ஆன் செய்வது, அங்கேயே பூசி, 'வாவ், சூப்பரா இருக்கு' என்பது. பெயரே 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்' வீடியோ. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு அந்த பத்து நிமிஷத்தில் பதிலே கிடைக்காது.

ஏன் என்று பாருங்கள். ஒரு க்ரீமால் தோலுக்கு வருகிற தொந்தரவு இரண்டு வகை. ஒன்று நேரடி எரிச்சல். பூசின சில நிமிஷத்திலோ, சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். இன்னொன்று அலர்ஜி. இதுதான் ஏமாற்றுக்காரன்! உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தப் பொருளை அடையாளம் கண்டு, படை திரட்டி வருவதற்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். சென்ட் வாசனைப் பொருள்கள், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனங்கள், தலைச் சாயத்தில் இருக்கிற பி.பி.டி. எல்லாம் இந்த ரகம். திங்கட்கிழமை வீடியோ போட்டு, செவ்வாய்க்கிழமை லைக் எண்ணிக்கொண்டிருக்கும்போது, புதன்கிழமை காலை கண் இமை வீங்கி எழுந்திருப்பீர்கள். அதற்குள் நாலாயிரம் பேர் பார்த்தாகிவிட்டது!

அதனால் எந்தப் புதுப் பொருள் வந்தாலும், முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் பூசிப் பாருங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தொடர வேண்டும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் முகத்துக்கு வரலாம். ஃபேஸ்வாஷ் மாதிரி கழுவிவிடுகிற பொருளென்றால், வழக்கமாக முகத்தில் வைத்திருக்கும் அளவு நேரத்தோடு கழுவிவிட வேண்டும். தலைச் சாயத்துக்கு, பெட்டியிலேயே எழுதியிருக்கும் 48 மணி நேர டெஸ்ட்டை ஒவ்வொரு முறையும் செய்யத்தான் வேண்டும். 'போன தடவை ஒண்ணும் ஆகலையே' என்பது பதில் இல்லை. பி.பி.டி. அலர்ஜி பல வருஷம் உபயோகித்த பிறகுகூட திடீரென்று வரலாம்.

பலன் சொல்வதற்கோ இன்னும் பொறுமை வேண்டும். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே சுமார் நாலு வாரம் ஆகிறது. பருவுக்குப் போடுகிற க்ரீம்கள் இரண்டு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். 'மூணு நாள் போட்டேன், முகமே மாறிடுச்சு' என்று ஒருவர் சொன்னால், ஒன்று லைட்டிங் மாறியிருக்கும், அல்லது க்ரீமுக்குள் வேறு ஏதோ இருக்கிறது!

மேக்கப் வீடியோ எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒரே உட்காரலில் ஆறு லிப்ஸ்டிக், மூன்று ஃபவுண்டேஷன். ஒவ்வொன்றையும் துடைத்து, அடுத்ததைப் பூசி, மறுபடி துடைத்து... சாயங்காலத்துக்குள் உதடு தோலுரிந்துவிடும். நிறம் காட்டுவதற்கு முன்கை இருக்கிறதே! அதில் வரிசையாகக் கோடு இழுத்துக் காட்டிவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் உதட்டில் போடுங்கள். கண் மையையும் மஸ்காராவையும் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளும் 'சேலஞ்ச்' வீடியோ வேண்டவே வேண்டாம். கண் நோய் பரவ அதைவிட சுலபமான வழி இல்லை. திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், பாதி மிச்சமிருந்தாலும் சரி.

கோட்டக்கல் சொல்லும் கதை

இது கொஞ்சம் பயமுறுத்துகிற விஷயம். ஆனாலும் சேனல் ஆரம்பிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல். அங்கே 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை கிட்னி நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு வந்திருந்தது, சாதாரணமாக அவ்வளவு அதிகம் காணப்படாத ஒரு ரகம். துருவித் துருவிக் கேட்டதில், அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் உபயோகித்தவர்கள் என்று தெரிந்தது. க்ரீமில் இருந்தது பாதரசம்!

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உற்பத்தியாவதைப் பாதரசம் தடுக்கிறது; அதனால்தான் முகம் சீக்கிரமே வெளுத்த மாதிரி தெரிகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து கிட்னியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். 'எதனால?' என்று டாக்டர் கேட்டால், முகத்துக்குப் பூசின க்ரீமை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? நம் நாட்டுச் சட்டப்படி, கண்ணுக்குப் போடும் பொருள்கள் தவிர மற்ற அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பெயர், முகவரி இல்லாமல் சின்ன டப்பியில் வருகிற க்ரீமுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா என்ன!

பாதரசத்துக்கு அடுத்தபடி ஸ்டீராய்டு. இதைக் கலந்த க்ரீம் பூசினால் முதல் சில நாட்களில் முகம் பளபளக்கும். சிவப்பு மறையும், பரு அடங்கும். வீடியோவுக்கு ஏற்ற 'பிஃபோர் - ஆஃப்டர்'! சில மாதம் போனால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும். முகத்தில் முடி முளைக்கும். பருக்கள் கூட்டமாக வரும். நிறுத்தினாலோ முகம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூச வேண்டியதுதான். இந்த ரக க்ரீம்களில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணை போட்டது.

சரி, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? உங்களுக்கு ஐயாயிரம் ஃபாலோயர் சேர்ந்ததும் முதலில் கதவைத் தட்டப் போவது பெரிய கம்பெனி இல்லை. 'மேடம், எங்க ஹோம்மேட் க்ரீமை ஒரு ரீல் போட முடியுமா? ரெண்டாயிரம் தர்றோம்' என்று வருகிறார்களே, அவர்கள்தான். அந்த டப்பியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் - இத்தனையும் இருக்கிறதா? வீட்டில் தயாரித்தாலும், விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். இல்லையென்றால் ரெண்டாயிரமும் வேண்டாம், இருபதாயிரமும் வேண்டாம். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்து வெயிலில் போவது, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுவது போன்ற 'பாட்டி வைத்திய' வீடியோக்களையும் இதே கணக்கில் சேருங்கள். எந்தப் பாட்டியும் சமையல் சோடாவை முகத்தில் பூசச் சொல்லியிருக்க மாட்டாள்! எலுமிச்சை சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால், வெந்த மாதிரி புண்ணாகிக் கருந்திட்டு விழும்.

பின்னே எதைத்தான் போடுவது?

பத்து நாள் டெஸ்ட், நாலு வாரம் காத்திருப்பு என்றால் சேனல் தூங்கிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். க்ரீம் விமரிசனத்தை மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் போட விஷயமா இல்லை?

நம் ஊர் மாநிறத்துக்கு எந்த ஃபவுண்டேஷன் பொருந்தும் என்பதே இன்னும் பல பெண்களுக்குப் புதிர். வெளிநாட்டில் ஃபென்டி கம்பெனி 2017-ல் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தபோது, அதையே ஒரு புரட்சி மாதிரி பேசினார்கள். நீங்கள் உங்கள் தாடை ஓரத்தில் மூன்று ஷேடு கோடு போட்டு, வீட்டுக்குள் ஒரு தடவை, வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை காட்டினால் போதும், அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வை ஊற்றும் மே மாத முகூர்த்தத்துக்கு மேக்கப், ஆபீசுக்கு ஐந்து நிமிஷ மேக்கப், கண்ணாடி போட்டவர்களுக்கு கண் மேக்கப், நாற்பது வயசுக்கு மேல் பவுடர் திட்டுத் திட்டாக நிற்காமல் இருக்க என்ன செய்வது, ராத்திரி மேக்கப்பை முழுசாக எடுப்பது எப்படி... எழுதி வையுங்கள், ஒரு வருஷத்துக்கு வரும்.

வெளிச்சம் விஷயத்தில் செலவு செய்யாதீர்கள். காலை பத்து மணி வாக்கில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டுவிடும். டியூப் லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் கலந்தால் நிறம் பொய் சொல்லும். ஒரு நுணுக்கம்: பின்னால் கறுப்புத் திரை இருந்தால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி உங்களை ஒரு படி வெளுப்பாக்கிவிடும்; வெள்ளைச் சுவர் இருந்தால் ஒரு படி கறுப்பாக்கும். திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலைச் சற்று அழுத்தி வைத்தால், பெரும்பாலான போன்களில் வெளிச்சம் அப்படியே 'லாக்' ஆகிவிடும். 'பியூட்டி மோட்' என்று ஒன்று தானாகவே ஆன் ஆகியிருக்கும், அதைத் தேடி அணைத்துவிடுங்கள். தழும்பே தெரியாத முகத்தைக் காட்டி, தழும்பு மறைக்கும் கன்சீலரைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? சத்தத்துக்கு, காலர் மைக் ஒன்று மட்டும் வாங்கலாம். மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்து எடுத்தால் அதுவும் வேண்டாம்!

காசு வாங்கினால் சொல்லிவிடுங்கள்

யூ டியூப் விளம்பர வருமானம் வர ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே, முதல் வருஷம் வருமானம் என்று பட்ஜெட்டில் எழுதாதீர்கள். நகையை வைத்து காமிரா வாங்குவதெல்லாம் வேண்டாத வேலை.

பணமாகவோ, இலவசப் பொருளாகவோ ஒரு கம்பெனியிடம் வாங்கினால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. வீடியோவின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் பத்தாது. வீடியோவுக்குள்ளேயே எழுத்தாகவும் தெரிய வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். பேசுவது தமிழென்றால் அறிவிப்பும் தமிழிலேயே! 'இது விளம்பரம்' என்று இரண்டு வார்த்தை, முடிந்தது. தவறான விளம்பரத்துக்கு துணை போனால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும்.

இலவசப் பொருளுக்கும் வருமான வரி கணக்கு உண்டு. ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டில் தருகிற பொருள்களின் மதிப்பு இருபதாயிரத்தைத் தாண்டினால், 10 சதவிகிதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி. உபயோகித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது கிடையாது. 'நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, கூரியர் சார்ஜ் மட்டும் அனுப்புங்க' என்று மெஸேஜ் வந்தால் பதிலே போடாதீர்கள். பொருள் அனுப்புகிறவர் உங்களிடம் காசு கேட்பாரா? பார்சல் பிரிக்கிற வீடியோவில் அட்டைப் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் உங்கள் வீட்டு முகவரியை, போன் நம்பரை மறைத்துவிட்டு எடுங்கள். இதை மறக்கிறவர்கள் நிறைய பேர்.

கடைசியாக கமெண்ட் பகுதி. 'அக்கா, எனக்கு கன்னத்துல கறுப்புத் திட்டு இருக்கு, என்ன க்ரீம் போடட்டும்?' என்று கேட்பார்கள். கேட்கிறவர் மூன்று மாத கர்ப்பிணியாக இருக்கலாம். பருவுக்கும் திட்டுக்கும் தருகிற ரெட்டினாய்டு வகை க்ரீம்களை கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காகப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். 'நான் டாக்டர் இல்லைம்மா. திட்டு எதனாலன்னு பார்த்தாத்தான் தெரியும். பக்கத்துல அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவு இருந்தா அங்க காட்டுங்க, ஏற்கெனவே பூசிட்டிருக்கற க்ரீம் டப்பியையும் கையோட எடுத்துட்டுப் போங்க' - இந்த பதிலை ஒரு தடவை டைப் செய்து போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். தினம் நாலு பேருக்காவது தேவைப்படும்.