பேர் தெரியாத கிழங்கும் பேர் படிக்க முடியாத பாக்கெட்டும்

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பருவத்துக்கு ஒரு சரக்கு விற்பனைக்கு வரும். பலா, புளி, கடுக்காய், சாமை, தினை, மண் உதிராத காட்டுக்கிழங்கு, பழைய பாட்டிலில் அடைத்த தேன். கள்ளக்குறிச்சி டவுனிலிருந்து போகிறவர்களில் பலருக்கு இவற்றில் பாதிக்குப் பேர் தெரியாது. டவுன் கடைகளிலோ கொரிய நூடுல்ஸ், தாய்லாந்து சாஸ், கலர் கலராக ஜெல்லி கப் என்று அடுக்கிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அவை புதுசு. டவுன்காரர்களுக்கும் பெரும்பாலும் புதுசுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதன் பிறகு கல்வராயன் என்றாலே சாராயம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. சாமையும் தேனும் விளையும் மலைக்கு இது பெரிய அநியாயம். ஆகவே, தெரியாத உணவைத் தொடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குங்கள், சாப்பிடுங்கள். ஆனால் எங்கே கிடைத்தது, எப்படிச் சமைப்பது, யார் சாப்பிடக் கூடாது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மலையாளிப் பழங்குடி வீடுகளில் ஒரு கிழங்கைத் தோண்டுவதற்கு முன்பே கொடியையும் இலையையும் பார்த்து அடையாளம் சொல்லிவிடுவார்கள். அதே கிழங்கு இரண்டு கை மாறி பஸ் நிலையத்துக்கு வரும்போது கொடியும் இருக்காது, சமையல் பக்குவம் சொல்ல ஆளும் இருக்காது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கிழங்கிலிருந்தே பார்ப்போம். "இது என்ன கிழங்கு, ஆயா?" என்று கேட்டால், தோண்டி வந்தவர் பேரோடு நிறுத்த மாட்டார். தோலைச் சீவு, புளி போட்டு வேகவை, முதல் தண்ணியைக் கொட்டிவிடு என்று சேர்த்தே சொல்வார். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காட்டுக் கருணை வகைகளில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் அரைவேக்காட்டில் தின்றால் நாக்கும் தொண்டையும் அரித்து வீங்கும். காட்டு வள்ளி இனங்கள் சிலவற்றில் கசப்பு நஞ்சு உண்டு. பலமுறை வேகவைத்துத் தண்ணீர் மாற்றித்தான் தின்ன முடியும். கசந்தால் துப்பிவிட வேண்டும், மசாலா போட்டு மறைக்கக் கூடாது.

எந்தப் பக்குவத்துக்கும் கட்டுப்படாத கிழங்கும் இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு அது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பார்கள். வழவழப்பாக, கலப்பை மாதிரி வளைந்திருக்கும். இதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இதிலுள்ள கோல்ச்சிசின் வெந்தாலும் அழியாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கும். நடுவில் கொஞ்சம் தணிந்த மாதிரி தெரியும்; அதை நம்பி வீட்டில் படுத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். தோண்டியவரிடம் நேரில் வாங்காத, கொடியையோ இலையையோ காட்ட முடியாத காட்டுக்கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று அழுத்திச் சொல்ல இதுவே காரணம். காட்டுக் காளானுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி நமக்கு அந்நியமில்லை. சின்னசேலம், சங்கராபுரம் பக்கமெல்லாம் விளைகிறது. ஆனால் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்கென்று வளர்த்த ரகமும் சாப்பிடும் ரகமும் ஒன்றல்ல. மரவள்ளியில் சயனைடு வெளியிடும் பொருள் இருக்கிறது. தோலில் அது அதிகம், கசப்பு ரகங்களில் இன்னும் அதிகம். தோலை முழுதாக உரித்து, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடிப்பது கூடவே கூடாது. ஆலைக்குப் போகும் லோடில் எடுத்ததா, சமையலுக்கு விளைந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வரகு வாங்கும்போது அது நன்றாகக் காய்ந்ததா, மழையில் நனைந்ததா என்று விசாரியுங்கள். அறுவடை நேரத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்த வரகு தலைசுற்றல், வாந்தி, மயக்கம் தரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் இறந்ததற்கும் பூஞ்சை பிடித்த வரகைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளால் சர்க்கரைப் பாகைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தின் வழக்கமான சோதனைகளிலிருந்தே தப்பும்படி பாகு தயாராகிறது என்று டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளிக்கொண்டு வந்தது. கலப்படத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுகிறார்களே, அதை நிறுத்த வேண்டும். சுத்தமான மலைத்தேனாகவே இருந்தாலும் அதில் இருக்கக்கூடிய நுண்வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்க வைக்கும்.

இனி பாக்கெட். வெளிநாட்டு உணவு எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும், இங்கே விற்க இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், தேதி எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஸ்டிக்கராகவாவது ஒட்டியிருக்க வேண்டும். தமிழ் கட்டாயமில்லை என்பது நமக்குக் குறைதான். ஆகவே கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றித் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். சாஸ்களில் மீனும் இறாலும் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் அதற்கான வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். சின்னக் கப் ஜெல்லியைச் சிறு குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நம் சேனைக்கிழங்குக்கு உறவான கொன்ஜாக் கிழங்கின் மாவில் செய்த ஜெல்லி வாயில் கரையாமல் தொண்டையை அடைத்துக் குழந்தைகள் இறந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது.

சாப்பிட்டபின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மீதிக் கிழங்கு, தோல், பாக்கெட், எது கிடைத்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்தத் துண்டுதான் வழிகாட்டி, பிறகு வழக்குக்கும் அதுவே சாட்சி.

புகாரை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு அனுப்பலாம். மாவட்ட நியமன அலுவலரிடம் நேரிலும் தரலாம். சந்தேகப்பட்ட பொருளை நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்க 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு இடம் தருகிறது. சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இதைப் பலர் தவற விடுகிறார்கள். பொருள் சட்டப்படி இல்லை என்று பகுப்பாய்வு அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உணவால் உயிர் போனால் இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது 65-வது பிரிவு. கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 10 ரூபாய் பாக்கெட்டாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

விற்கிறவருக்கும் சட்டம் இருக்கிறது, மலையில் அது போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். தன் நிலத்தில் விளைந்த சாமையை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமம் தேவையில்லை. தேன், கிழங்கு, மூலிகை ஆகியவற்றை வழக்கப்படி சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தருகிறது. கோரிக்கையை முதலில் கிராம சபையில் வைக்க வேண்டும். வியாபாரி கொண்டுவரும் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேனையோ புளியையோ நிறுக்க விட வேண்டும். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அரசே இலவசமாக வழக்கறிஞர் தரும். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரவேண்டியதுகூட இல்லை, 15100 என்ற எண்ணுக்கு வெள்ளிமலையிலிருந்தே பேசலாம்.