அறம் நாடிய மிதிவண்டிப் பயணங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில், ஈஜிபுரா முழுவதும் விழித்தெழும் முன்பே மிதிவண்டிக் குழுக்கள் சில உள்வட்டச் சாலை வழியே விரைந்து செல்வதைக் காணலாம். 2017ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் நீண்ட மேம்பாலப் பணியின் தூண்களுக்கிடையே பகலெல்லாம் ஊர்ந்து செல்லும் போக்குவரத்து, அவ்வேளையில் ஓய்ந்திருக்கும். இக்குழுக்களுள் பல, நண்பர்கள் தாமே கூடி அமைத்துக்கொண்டவை. நந்தி மலை வரை சென்று திரும்பும் பழக்கம் முதிர்ந்த பின், தொலைதூரம் செல்ல வேண்டும், அப்பயணம் பிறருக்கும் பயன்பட வேண்டும் என்னும் எண்ணம் அவர்களிடையே எழுவது இயல்பு. அவ்வெண்ணம் ஈடேறுவதில் கால்களின் வலிமைக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு கணக்கின் தூய்மைக்கும் உண்டு.

பெங்களூருக்கு இதில் ஒரு மரபு உள்ளது. இந்நகரின் மிதிவண்டி ஆர்வலர்கள் 2008ஆம் ஆண்டு டிசம்பரில் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் நெடும்பயணத்தைத் தொடங்கினர். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் அப்பயணத்தில், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை பெயர் பெற்றது. அதன் 36 கொண்டை ஊசி வளைவுகள் தேர்ந்த பயணிகளையும் இறங்கித் தள்ள வைப்பவை. அறப்பணிகளுக்கு நிதி திரட்டுவோரும் இப்பயணத்தில் பங்கேற்று வந்துள்ளனர்.

இலங்கையில் 2011ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது ஒரு நடைப்பயணம். நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்னும் இரு நண்பர்கள், நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாள்கள் நடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கான நிதியே அவர்களது நோக்கம். போர் ஓய்ந்து ஈராண்டுகளே ஆகியிருந்த காலத்தில், தெற்கிலுள்ள மக்கள் வடக்கிலுள்ள நோயாளிகளுக்காக உடன் நடந்ததும் பொருள் அளித்ததும், திரட்டிய தொகையைவிடப் பெரிய செய்தியாக அமைந்தன.

கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர், 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நண்பர்கள் சிலரைத் திரட்டினார். 36 பேர் மிதிவண்டியில் புறப்பட்டு, டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக 10,200 டாலர் சேர்த்தனர். ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்று பெயர் பெற்ற அப்பயணம் இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் திரட்டியுள்ளது. பயணிகள் திரட்டும் ஒவ்வொரு டாலரும் முழுமையாக அம்மையத்துக்கே செல்கிறது. பயணச் செலவைப் பதிவுக் கட்டணமும் புரவலர்களின் உதவியும் ஈடுசெய்கின்றன.

நம் நண்பர்கள் முதலில் கைக்கொள்ள வேண்டிய விதி இதுவே. எட்டு நண்பர்கள் 2,00,000 ரூபாய் திரட்டியதாகக் கொள்வோம். துணை வாகனம், தங்கும் விடுதி, உணவு ஆகியவற்றுக்கு 80,000 ரூபாயை அதிலிருந்தே எடுத்தால், 100 ரூபாய் ஈந்தவரின் கொடையில் 60 ரூபாய் மட்டுமே உரிய இடத்தைச் சேர்கிறது. ஆளுக்கு 10,000 ரூபாய் தாமே ஏற்றுக்கொண்டால் 100 ரூபாயும் 100 ரூபாயாகவே சென்று சேரும். இதற்கென ஓராண்டுக்கு முன்பே மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்திவரின் சுமை தெரியாது.

அடுத்தது, பணம் செல்லும் வழி. கொடையாளர் அளிக்கும் தொகை, நண்பர் ஒருவரின் சம்பளக் கணக்கில் வந்து தங்குதல் நன்றன்று. அவருடைய சொந்த வரவு எது, அறநிதி எது என்று பின்னர்ப் பிரித்துக் காட்டுவது கடினம். தேர்ந்தெடுத்த அறநிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தச் செய்தல் சிறந்தது. வருமான வரிச் சட்டத்தின்கீழ்க் கிடைக்கும் கழிவும், அதற்கெனப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அளித்த கொடைக்கே உரியது. பழைய வரி முறையில் தொடர்பவர்களே அதனைப் பெறலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்தால் கழிவு இல்லை. நிறுவனம் வழங்கும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் நண்பர்களும் உதவ முன்வருவர். இந்தியக் குடியுரிமை உடையோர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இந்திய வம்சாவளியினரே ஆயினும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே வழங்க இயலும்.

முதற்பயணத்துக்கு ஈஜிபுராவிலிருந்து கிருஷ்ணகிரி ஏற்ற தொலைவு. ஓசூர் சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்து, ஓசூர், சூளகிரி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவிலும் உள்ளன. ஆகவே செல்லும் வழி எளிது; திரும்பும் வழியே உழைப்பைக் கோருவது. கனரக வாகனங்கள் மிகுந்த நெடுஞ்சாலை ஆதலின், விடியலில் புறப்படுதலும், தலைக்கவசம், பின்விளக்கு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை உறுதிசெய்துகொள்ளுதலும் இன்றியமையாதவை.

பயணம் முடிந்த பின்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கும். நிறுவனத்தைச் சென்றடைந்த தொகை எவ்வளவு, அது எதற்குப் பயன்பட்டது என்பதை ஒரு பக்க அறிக்கையாகக் கொடையாளர் அனைவருக்கும் அனுப்புதல் வேண்டும். ஐம்பது ரூபாய் அளித்தவருக்கும் அது சென்று சேரட்டும். அடுத்த ஆண்டு அதே நண்பர்கள் மீண்டும் கேட்கும்போது, அவ்வறிக்கையை நினைவில் கொண்டே அவர் தம் கையைத் திறப்பார்.